ஊதுபத்திப் புகை எந்தப் பக்கம் போயிற்று

போன வாரம் உங்கள் கருத்தரங்கில் பின்வரிசையில் உட்கார்ந்து கேள்வி கேட்ட கிழவி நான்தான். உங்களில் ஒரு தம்பி திரையில் ஒரு வரைபடம் போட்டார். தொலைதூர விண்மீன் திரள் ஒன்றின் எக்ஸ்ரே ஒளி மங்க மங்க, அதன் நிறமாலையும் மாறுவதைக் காட்டும் கோடு. அழகான கோடு. நான் கையைத் தூக்கி, "அதே கருவியால், மாறாத பொருள் ஒன்றையும் பார்த்துச் சரிபார்த்தீர்களா?" என்று கேட்டேன். "அதையெல்லாம் மென்பொருளே பார்த்துக்கொள்ளும் மேடம்" என்றார் தம்பி. அரங்கில் நாலைந்து பேர் சிரித்தார்கள்.

எனக்கு வந்த கோபம் இன்னும் இறங்கவில்லை. தம்பி மேல் இல்லை. அவர் நல்ல பிள்ளை. அந்தச் சிரிப்பின் மேல்தான் கோபம். அதே சிரிப்பை எண்பதுகளின் தொடக்கத்தில், எருமப்பட்டிக்குக் கிழக்கே ஒரு போலீஸ் ஸ்டேஷன் வாசலில் கேட்டிருக்கிறேன். அன்றைக்கு அதன் விலையை ஒரு குடியானவப் பெண் கொடுக்க இருந்தாள். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் அதைக் கேட்டுவிட்டுப் பிறகு சிரியுங்கள்.

உங்களுக்கு இப்போது செயற்கைக்கோள் இருக்கிறது. எங்களுக்கு பலூன்தான். விண்ணிலிருந்து வரும் எக்ஸ்ரே கதிரைக் காற்றுமண்டலம் தரைக்கு வரவிடாது. அதனால் ஒரு பெரிய பலூனில் டிடெக்டர் பெட்டியைக் கட்டி, காற்று ஏறக்குறைய இல்லாத உயரத்துக்கு அனுப்புவோம். வேலை முடிந்ததும் ரேடியோவில் கட்டளை கொடுத்தால் பெட்டி அறுந்து பாராசூட்டில் இறங்கும். எந்தக் காட்டில் விழுந்ததோ அங்கே ஜீப்பில் போய் எடுத்து வரவேண்டும். அந்த ஆண்டு கிழக்குக் கடற்கரைப் பக்கம் ஒரு திடலிலிருந்து ஏவினோம். மேலே வீசும் காற்று அதை மேற்கே தள்ளிக்கொண்டு வந்தது.

அந்தப் பெட்டியின் உள்ளே, தலைமுடியைவிட மெல்லிய கம்பிகளை வரிசை பிசகாமல் இழுத்துக் கட்டியது நான். ராசிபுரத்தில் தறிக்காரர் வீட்டில் பிறந்தவள் என்பதால் அந்த வேலை என் தலையில் விழுந்தது. சந்தோஷமாகத்தான் செய்தேன். ஆனால் நிறுவனத்தில் என்னை விஞ்ஞானி என்று எண்ணியவர்கள் குறைவு. "அந்தக் கம்பி கட்டும் பெண்" என்பார்கள். தமிழ்நாட்டில் பெட்டி விழுந்தால் "மொழிபெயர்க்கும் பெண்" என்பார்கள்.

எங்கள் தலைவர் வெளி மாநிலத்துக்காரர். தமிழில் ஒரு சொல் தெரியாது. கெட்டிக்காரர், அதில் எனக்குச் சந்தேகமில்லை. அந்தப் பறப்பில் அவர் குறி வைத்தது, நடுவில் ஒரு பெரிய கருந்துளையை வைத்துக்கொண்டு கொந்தளிக்கிற ஒரு விண்மீன் திரள். அது மங்கும்போது அதன் எக்ஸ்ரே நிறமாலை கடினமாகிறது, அதாவது ஆற்றல் குறைந்த மென்கதிர்கள் குறைந்து ஆற்றல் மிக்க கடினக்கதிர்களின் பங்கு கூடுகிறது என்று அவர் நம்பினார். அதை உலகத்தில் முதலில் சொல்பவர் தானாக இருக்க வேண்டும் என்று இன்னும் பலமாக நம்பினார்.

எங்கள் திட்டப்படி முதலில் நண்டு நெபுலா என்ற விண்பொருளைப் பார்க்க வேண்டும். எங்கள் தொழிலில் அது படிக்கல் மாதிரி, மாறாது. பிறகு திரள். கடைசியில் மறுபடியும் நண்டு. இரண்டு முறையும் நண்டு ஒரே மாதிரி தெரிந்தால் கருவி ஒழுங்கு. நண்டே மாறித் தெரிந்தால் கோளாறு கருவியில். இதைவிட எளிய நேர்மை கிடையாது.

பலூன் மேலே போன பிறகு இரண்டு கோளாறுகள் வந்தன. கருவி தன்னைத் தானே சோதித்துக்கொள்ள உள்ளே வைத்திருந்த கதிர்மூலத்தின் மூடி சிக்கிக்கொண்டு திறக்கவில்லை. அடுத்து, டிடெக்டரின் சூடேற்றி அணைந்துவிட்டது. நான் கட்டுப்பாட்டுக் கூடாரத்தில் அதைப் பார்த்ததும் தலைவரிடம் சொன்னேன். "சார், மேலே கடுங்குளிர். டிடெக்டரைச் சுற்றி இருக்கும் ரப்பர் வளையம் விறைத்துப்போனால் வாயு கசியும். நாம் அந்த வளையத்தைக் கோடை வெயிலில்தான் சோதித்திருக்கிறோம்."

அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அங்கே திரள் மங்கிக்கொண்டிருந்தது. நிறமாலை கடினமாகிக்கொண்டிருந்தது. அவர் கனவு கண்டபடியே. "நண்டுக்குத் திரும்பலாமா?" என்று ஒருவர் கேட்டதற்கு, "இப்போதா? பைத்தியமா?" என்று சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். அறுத்து இறக்கும்வரை பெட்டி அந்தத் திரளையே பார்த்துக்கொண்டிருந்தது.

வாயு கசிந்தால் என்ன ஆகும் என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். டிடெக்டர் என்பது செனான் வாயு அடைத்த பெட்டி. கதிர் வாயுவில் மோதினால் ஒரு மின்துடிப்பு வரும். துடிப்பின் அளவை வைத்துக் கதிரின் ஆற்றலைச் சொல்வோம். வாயு குறைந்தால் சில கதிர்கள் பிடிபடாமல் தப்பிவிடும், அதனால் பொருள் மங்கியதாகத் தெரியும். பிடிபட்ட கதிரின் துடிப்போ பெரிதாக வரும், அதனால் மென்கதிர்கூடக் கடினக்கதிர் வேஷம் போடும். மங்கல், கடினம். தலைவர் திரையில் பார்த்துப் பூரித்த இரண்டும் ஒரு ரப்பர் வளையம் விறைத்தாலும் வரும்.

மறுநாள் காலையில் பெட்டி விழுந்த இடத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். வடக்கே கொல்லிமலை தெரிகிற ஒரு மேட்டாங்காடு, மழையை நம்பிய மேட்டு நிலம். சோளம் அறுத்து, உழுது போட்டிருந்தார்கள். நடுவில் எங்கள் பெட்டி. அதைச் சுற்றி ஆட்டுப்பட்டியில் வைக்கும் படல்களை வட்டமாக நிறுத்தி, முடுக்கிக் கட்டியிருந்தார்கள். வாசலில் ஒரு பெண் அரிவாளோடு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஆடுகள் படல் இல்லாமல் மரத்துக்கு ஒன்றாகக் கட்டிக் கிடந்தன.

அவள் பெயர் பாவாயி. முப்பதைத் தாண்டியிருப்பாள். கணவன் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியோடு வடக்கே போயிருந்தான். கொழுந்தன் செங்கோடன் ரிக் மெக்கானிக். மட்டக்குதிரை மாதிரி குட்டையாக, எண்ணெய்ச் சட்டையோடு நின்றிருந்தான். எங்கள் ஆட்கள் நேராகப் படலைப் பிடித்து இழுக்கப் போனார்கள். அவள் எழுந்து மறித்தாள்.

"ஏனுங்க, நீங்க ஆருங்க? ஊர் பேர் சொல்லாம உள்ள போனா எப்புடீங்க?"

நான் முன்னால் போய் யார் நாங்கள் என்று சொன்னேன். என் பேச்சைக் கேட்டதும் அவள் முகம் மாறியது.

"அம்மணி நம்ம பக்கமுங்களா?"

"ஆமாங்கக்கா, ராசிபுரம்."

"அப்ப வாங்க சாமி. மொதல்ல தண்ணி குடிங்க. நேத்து மத்தியானம் குடையாட்டம் எறங்குச்சுங்க. நானு ஆடு ஓட்டிக்கிட்டு இருந்தேன். ஊரே ஓடியாந்துருச்சு. ஆரையும் கிட்ட உடலீங்க. என்ன சாமானோ, ஆரு ஊட்டுச் சாமானோ, தொட்டுக் கெட்டுப்போனா நாளைக்கு ஆரு பதில் சொல்லறது?"

பிறகு முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு சின்னப் பித்தளை மூடியை என் கையில் வைத்தாள். "இது பெட்டிக்குப் பக்கத்துல மண்ணுல கெடந்துச்சுங்க. காணாமப் போயிருமுன்னு எடுத்து முடிஞ்சு வெச்சேன்."

அது டிடெக்டரின் வால்வு மூடி. பெட்டி தரையில் மோதிய வேகத்தில் கழன்று விழுந்திருக்கிறது. மூடி போனால் பரவாயில்லை, தூசி படாமல் இருக்கத்தான் அது. உள்ளே இருக்கும் வால்வை ஸ்பேனர் போட்டுத்தான் திறக்க முடியும். நான் அவளுக்கு நன்றி சொன்னேன். மனதுக்குள் வேறொன்றும் ஓடியது. பெட்டியின் நான்கு பக்கமும் எச்சரிக்கை ஒட்டியிருந்தோம். ஆங்கிலத்தில், இந்தியில். தமிழில் ஓர் எழுத்து இல்லை. தமிழ்நாட்டுத் திடலிலிருந்து தமிழ்நாட்டு வானத்தில் ஏவிய பெட்டி! நான் அதைப் பற்றி முன்பே கேட்டதற்கு, "அவர்கள் படிக்கவா போகிறார்கள்?" என்று பதில் வந்தது. படிக்காமலேயே அவள் அதில் எழுதியிருந்ததைவிட நன்றாகச் செய்திருந்தாள்.

தலைவர் என் கையிலிருந்த மூடியைப் பார்த்தார். "எங்கே கிடைத்தது?" என்றார். சொன்னேன். அவர் பாவாயியைப் பார்த்தார், செங்கோடனின் எண்ணெய்ச் சட்டையைப் பார்த்தார், வரப்பில் கிடந்த அவனுடைய ஸ்பேனர் பையைப் பார்த்தார். அவர் மூளை எவ்வளவு வேகமாக வேலை செய்யும் என்று அன்றைக்குத்தான் முழுசாகக் கண்டேன்.

"வால்வைத் திறந்திருக்கிறார்கள்" என்றார். "வாயு போயிருக்கும். இனி நம் ஆய்வகத்தில் பின்சோதனை செய்ய முடியாது. இவர்கள் கெடுத்துவிட்டார்கள்."

வெளியில் இருந்து கேட்டால் இது வருத்தப்படுகிறவர் பேச்சு. உள்ளே இருந்த எனக்குப் புரிந்தது. பறந்து வந்த டிடெக்டரில் வாயு சரியாக இருக்கிறதா என்று பிறகு சோதித்துக் காட்டாவிட்டால் எந்த ஆய்விதழும் அந்த முடிவை ஏற்காது. வாயு குறைந்திருந்தாலோ, குறைந்தது மேலேயா கீழேயா என்ற கேள்வி வரும். மேலே என்றால் அவருடைய விண்மீன் திரள் போயிற்று. கீழே, யாரோ ஒரு கிராமத்துக்காரி திறந்ததால் என்றால், திரள் பிழைத்தது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதையைவிட மோசம் இது. அவள் கூடத்தைத்தான் பழித்தாள். இவர் ஓர் ஆளைப் பழிக்கத் தயாரானார்.

பெட்டி விழுந்த செய்தி ஸ்டேஷனுக்கு முன்பே போயிருந்ததால் எல்லோரும் அங்கே போனோம். பெட்டி எங்கள் லாரியில், நாங்கள் ஜீப்பில், பாவாயியும் செங்கோடனும் ஸ்டேஷனிலிருந்து வந்திருந்த கான்ஸ்டபிளோடு நடந்து. ஸ்டேஷன் வாசலில் வேப்பமரம். லாரியை அதன் நிழலில் நிறுத்தினார்கள். சப்-இன்ஸ்பெக்டர் ஆத்தூர்ப் பக்கத்துக்காரர், நிதானமானவர். தலைவர் ஆங்கிலத்தில் அவரிடம் பொழிந்தார், புகாராகவும் எழுதிக் கொடுத்தார். அரசாங்கச் சொத்துக்குச் சேதம், நாட்டின் ஆராய்ச்சிக்கு நஷ்டம், இருவர் மேலும் வழக்கு. ஸ்பேனர் பை மேசைமேல் வந்துவிட்டது.

"இந்த ஜனங்களைப் பற்றி உனக்குத் தெரியும். எது பளபளத்தாலும் கை வைப்பார்கள். இவளிடம் கேள், வால்வைத் திறந்தது அவளா அந்த ஆளா என்று" என்றார் என்னிடம். முதல் பாதியை நான் மொழிபெயர்க்கவில்லை. அந்தச் சொற்களை என் வாயால் என் ஊர்ப் பேச்சில் சொல்ல எனக்குக் கூசியது. இரண்டாம் பாதியை மட்டும் கேட்டேன்.

பாவாயிக்கு மொழி தெரியாவிட்டாலும் தொனி தெரியாதா? அவள் என் முன்னால் வந்து நின்றாள்.

"என்னங்க அம்மணி இது? ஆடு பூராவும் வெளிய கெடக்க, படல எடுத்துக் கட்டிக் காவல் இருந்தவ நானு. நாந் திருடியாங்க? நாந் திருடியா இருந்தா அந்த மூடிய உங்க கையில எதுக்குங்க குடுக்கறேன்? கெணத்துல போட்டிருக்க மாட்டேன்?"

செங்கோடனும் இப்போது சொன்னான். "அண்ணன் வாரதுக்கு இன்னும் நாள் ஆகுமுங்க. கேசுன்னு ஆயிப்போச்சுன்னா ரிக்கு வண்டியில எவனும் என்னையச் சேத்த மாட்டானுங்க. சாமான் திருடறவன்னு பேராயிருமுங்க."

தலைவர் அதன் அர்த்தத்தை என்னிடம் கேட்டார். சொன்னேன். சிரித்தார். போன வாரம் உங்கள் அரங்கில் கேட்டேனே, அதே சிரிப்பு. பிறகு ஒரு தாளை என் முன் வைத்தார். "மூடியை அவள் கையிலிருந்து வாங்கியது நீ. வால்வு திறந்த நிலையில் இருந்ததாக எழுதிக் கையெழுத்துப் போடு. வழக்கு பெரிதாக ஒன்றும் ஆகாது. ஒரு காகிதம் வேண்டும், அவ்வளவுதான்."

உண்மையில் வால்வு இறுக மூடியே இருந்தது. நான் கையால் தொட்டுப் பார்த்திருந்தேன். அதைச் சொன்னேன். "திறந்துவிட்டு மூடியிருப்பார்கள்" என்றார். எப்படிப் போனாலும் பழி பாவாயி தலையில்தான். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பதை நான் அதுவரை பழமொழியாகத்தான் கேட்டிருந்தேன்.

தம்பிகளே, தங்கைகளே, இங்கேதான் நீங்கள் கவனமாகக் கேட்க வேண்டும். கோபம் வந்தது, ஆனால் கோபம் ஒன்றையும் நிரூபிக்காது. எனக்கு அவளைப் பிடித்திருந்தது, என் ஊர்ப் பேச்சு பேசினாள், அதுவும் ஒன்றையும் நிரூபிக்காது. தலைவர் செய்த தப்பு, தனக்கு வேண்டியதை முதலில் முடிவு செய்துகொண்டு பிறகு காரணம் தேடியது. நானும் அதையே செய்தால் அவருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? கையெழுத்துப் போடமாட்டேன் என்று சொல்வது சுலபம். அவர் வேறொருவரிடம் வாங்கிக்கொள்வார். உண்மை என்ன என்று காட்டியாக வேண்டும்.

நான் வேப்பமரத்தடியில் நின்று அந்தப் பெட்டியையே பார்த்தேன். வெளிக்காற்றைவிடச் சற்றே அதிக அழுத்தத்தில்தான் டிடெக்டரில் வாயுவை நிரப்புவோம். கசிவே இல்லாமல் இருந்தால் இப்போது வால்வைத் திறக்கும்போது வாயு வெளியே சீறும். தரையில் யாராவது திறந்து மூடியிருந்தால் உள்ளும் வெளியும் சமமாகியிருக்கும், எதுவும் அசையாது. மேலே, காற்றே இல்லாத உயரத்தில் கசிந்து, பிறகு கீழே வந்து சூடு ஏறியதும் ரப்பர் இளகி இறுக்கிக்கொண்டிருந்தால்? அப்போது உள்ளே வெளிக்காற்றைவிடக் குறைந்த அழுத்தம்தான் இருக்கும். திறந்தால் வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். ஒரு சோளக்காட்டில் நின்றுகொண்டு, ஸ்பேனரை மட்டும் வைத்து, எந்த மனிதனாலும் டிடெக்டரை அந்த நிலைக்குக் கொண்டுவர முடியாது.

ஆனால் அந்தச் சோதனையை ஒரே ஒரு முறைதான் செய்யலாம். திறந்தால் வெளிக்காற்று கலந்துவிடும். அதன்பின் எந்த ஆய்வகமும் எதையும் அளக்க முடியாது. பல ஆண்டு உழைப்பு, நான் கண் நோகக் கட்டிய கம்பிகள், எல்லாம் அந்த ஒரு மூச்சோடு போகும். ஆய்வகத்துக்குக் கொண்டு போய் ஒழுங்காக அளப்பதுதான் முறை. சாதாரண நாளில் நானும் அதையே சொல்வேன். ஆனால் ஆய்வகத்தில் திறப்பவர் அவர், பார்ப்பவர் அவர், எழுதுபவர் அவர். பாவாயி இங்கே லாக்கப்பில் இருப்பாள்.

இன்னொரு பயமும் இருந்தது. வால்வின் வாயருகே காட்டும் புகையோ நூலோ அசையாமல் நின்றுவிட்டால்? அப்போது ஊர் பார்க்க அவளைக் குற்றவாளியாக்கியது நானாக இருப்பேன். நான் அவளிடமே போனேன்.

"அக்கா, மறைக்காம சொல்லுங்க. நீங்களோ இவரோ அதத் தொறந்திருந்தா இப்பவே சொல்லீருங்க, நான் வேற வழி பாக்கறேன். நான் இப்ப ஒண்ணு செய்யப் போறேன். அதுல நெசம் வெளிய வந்துரும். எந்தப் பக்கமா இருந்தாலும்."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அப்ப எதுக்கு நிக்கறீங்க சாமி? செய்யுங்க."

சப்-இன்ஸ்பெக்டரிடம், பாவாயி காதுபட, மூன்று முடிவுகளையும் முன்கூட்டியே சொன்னேன். வெளியே ஊதினால் கசிவும் இல்லை, குற்றமும் இல்லை, எங்கள் தலைவர் கண்டபடி அந்த விண்மீன் கூட்டம் மங்கியதும் சரியாக இருக்கலாம். அசையாவிட்டால் தரையில் யாரோ திறந்திருக்கிறார்கள். உள்ளே இழுத்தால் வாயு மேலேயே போய்விட்டது. முதலில் சொல்லிவிட்டுப் பிறகு செய்ய வேண்டும். செய்துவிட்டுப் பிறகு அர்த்தம் சொல்லக்கூடாது. இந்தத் தொழிலில் எனக்குத் தெரிந்த ஒழுக்கம் மொத்தமும் இவ்வளவுதான்.

தலைவர் நடப்பதைப் புரிந்துகொண்டார். பாய்ந்து வந்தார். "தொடாதே! உனக்கு அதிகாரம் இல்லை! பின்சோதனை பாழாகிவிடும்!"

"சற்று முன்னால் அது ஏற்கனவே பாழாகிவிட்டது என்றீர்களே சார்" என்றேன்.

சப்-இன்ஸ்பெக்டருக்கு ஆங்கிலம் நன்றாகவே தெரியும். மீசையைத் தடவிக்கொண்டே அவருக்கு ஆங்கிலத்திலேயே சொன்னார். "நீங்களே கெட்டுவிட்டது என்று எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள் சார். கெட்டுப்போனதைத் திறந்து பார்ப்பதில் உங்களுக்கு என்ன நஷ்டம்?" பிறகு என் பக்கம் திரும்பி, "செய்யும்மா."

ஸ்டேஷனுக்குள் பிள்ளையார் படத்துக்கு ஏற்றியிருந்த ஊதுபத்தி ஒன்றைக் கான்ஸ்டபிள் எடுத்துவந்தார். காற்று அடிக்காமல் இருக்க செங்கோடனும் இன்னொருவரும் ஒரு சாக்கை விரித்துப் பிடித்தார்கள். ஊர்ச்சனம் கம்பி வேலியோரம் நின்றது. நான் ஊதுபத்தியை வால்வின் வாய்க்கு நேராகப் பிடித்தேன். புகை நேராக மேலே போய்க்கொண்டிருந்தது. மேசைமேல் இருந்த பையிலிருந்து எடுத்து வந்திருந்த செங்கோடனுடைய ஸ்பேனராலேயே வால்வைத் திருப்பினேன்.

சர்ரென்று ஒரு சத்தம். மேலே போய்க்கொண்டிருந்த புகை சட்டென்று மடங்கி வால்வுக்குள் போயிற்று. நான் ஊதுபத்தியைச் சற்றுத் தள்ளிப் பிடித்தேன். அங்கிருந்தும் புகை வளைந்து உள்ளே போயிற்று. சத்தம் ஓயும்வரை போய்க்கொண்டே இருந்தது. பிறகு நின்றது. புகை மறுபடி மேலே எழுந்தது.

முதலில் பேசியது சப்-இன்ஸ்பெக்டர்தான். "உள்ளதான இழுத்துச்சு?"

"உள்ளதாங்க இழுத்துச்சு!" என்று வேலியோரத்திலிருந்து ஏழெட்டுக் குரல்கள். செங்கோடன் சாக்கைக் கீழே போட்டுவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டான். எண்ணெய் அப்பி முகம் இன்னும் கறுப்பாயிற்று. பாவாயி வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டாள்.

சப்-இன்ஸ்பெக்டர் புகார்த் தாளைத் தலைவரிடம் திருப்பிக் கொடுத்தார். ஸ்பேனர் பையைத் தன் கையாலேயே செங்கோடனிடம் கொடுத்தார்.

தலைவர் ஜீப்பில் ஏறப் போனார். நான் மறித்து, அந்த அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்றேன். அவர் யோசித்துவிட்டு, "துறை அவளுடைய ஒத்துழைப்பைப் பாராட்டுகிறது என்று சொல்" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒத்துழைப்பாம், பாராட்டாம்! ஆடுகளை வெளியில் விட்டுவிட்டுக் காவல் காத்தவளைத் திருடி என்று ஸ்டேஷனுக்கு நடத்திக் கூட்டிவந்துவிட்டுப் பாராட்டு. நான் பாவாயியிடம் போய்க் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். "மன்னிச்சுருங்கக்கா. தப்பு எங்களுது."

"அவளிடம் என்ன சொன்னாய்?" என்றார் தலைவர்.

"நீங்கள் சொல்லியிருக்க வேண்டியதைச் சொன்னேன்."

பாவாயி அவரை நிமிர்ந்து பார்த்துவிட்டு என்னிடம் கேட்டாள். "ஏனுங்க அம்மணி, வானத்துல அந்த வெள்ளிக் கூட்டம் மங்குச்சுன்னு சொன்னீங்களே, அது நெசமுங்களா, இல்லீங்களா?"

"தெரியலீங்கக்கா. இந்தப் பெட்டிய வெச்சு இனிமே சொல்ல முடியாது."

"தெரியலீன்னா தெரியலீன்னு சொல்லீட்டுப் போறதுக்கு அந்த ஐயனுக்கு என்னங்க கேடு?"



திரும்பும் வழியில் ஜீப் ஆட்டையாம்பட்டியைத் தாண்டியது. பிறகு தலைவர் ஜன்னல் பக்கம் பார்த்தபடி சொன்னார். "ஓர் ஆட்டுக்காரிக்காக ஒரு விண்மீன் திரளை இழந்துவிட்டோம்."

"இழக்கவில்லை சார்" என்றேன். "அது நம் கையில் இருந்ததே இல்லை."

அடுத்த பறப்புக்கு என் பெயர் இல்லை. அனுமதியின்றிக் கருவியைத் திறந்தேன் என்று என் கோப்பில் ஏறியது. ரப்பர் வளையத்தைக் குளிரில் சோதிக்காததைப் பற்றி யார் கோப்பிலும் ஏறவில்லை. சில ஆண்டுகள் ஆய்வகத்தின் மூலையில் மறுபடி கம்பி கட்டிக்கொண்டிருந்தேன். பெட்டியின் மேல் தமிழில் எச்சரிக்கை ஒட்ட வைக்கவே எனக்கு மூன்று தலைவர்கள் மாற வேண்டியிருந்தது.

இப்போது உங்களில் சிலர் மனதில் இருக்கும் கேள்விக்கு வருகிறேன். ஆம், எனக்கும் தெரியும். பல ஆண்டுகள் கழித்து வேறு நாட்டார் ஏவிய செயற்கைக்கோள் அதே திரளைப் பார்த்தது. அவர்கள் ஒழுங்காகச் சரிபார்த்துப் பார்த்தார்கள். அது மங்கும்போது அதன் நிறமாலை உண்மையிலேயே கடினமாகிறது. எங்கள் தலைவர் நம்பியது சரிதான்.

அந்த முடிவு வெளிவந்த பிறகு ஒரு மாநாட்டின் தேநீர் இடைவேளையில் அவர் என்னைத் தேடி வந்தார். தலை நரைத்திருந்தது, சிரிப்பு மாறவில்லை. "பார்த்தாயா? நான் சொன்னதுதான் சரி. எனக்குச் சேர வேண்டியதை நீ அன்றைக்குக் கெடுத்தாய்" என்றார். சுற்றி நின்ற இளைஞர்களும் சிரித்தார்கள். அதிர்ஷ்டம் கெட்ட மனிதர் என்று அவருக்காக வருத்தப்பட்டவர்களும் இருந்தார்கள்.

நான் அவருக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

"நீங்கள் அன்றைக்கு இரண்டு சொன்னீர்கள், சார். அந்தத் திரள் மாறியது என்றீர்கள். பாவாயி வால்வைத் திறந்தாள் என்றீர்கள். முதலாவதை நீங்கள் பார்க்கவில்லை, ஒரு ரப்பர் வளையம் விறைத்ததைத்தான் பார்த்தீர்கள். அதை வேறு யாரோ பார்த்துச் சரி என்று சொல்லிவிட்டார்கள். அது உங்கள் அதிர்ஷ்டம். இரண்டாவதை எந்த நாட்டுச் செயற்கைக்கோள் வந்து சரி என்று சொல்லப் போகிறது?"

அவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு வேறு பக்கம் போய்விட்டார்.

தம்பி, உங்கள் கோடு சரியாகவே இருக்கலாம். அடுத்த முறை அதைத் திரையில் போடும்போதும் நான் பின்வரிசையில்தான் இருப்பேன், மறுபடியும் கையைத் தூக்குவேன். நண்டைப் பார்த்திருந்தால் காட்டுங்கள். பார்க்கவில்லை என்றால் தெரியலீன்னு சொல்லுங்கள்.